கப்பற்காரர் கரையேறிய வழி: புளியந்தீவிலிருந்து நில்கல வரை ஐந்து நாள்

முதலாம் நாள்: புளியந்தீவு

மட்டக்களப்புக் கோட்டைக்குப் போகிறவர்கள் சுவரைப் பார்க்க முன்னம் தண்ணீரைப் பாருங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி, மூலைக்கொன்றாக நாலு கொத்தளம். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் வந்த கோட்டை இதுதான். பிடித்தவர் ஓர் அட்மிரல். ஆனால் அவருடைய எந்தக் கப்பலும் தன் பீரங்கியால் இந்தச் சுவரைத் தொட்டிருக்க முடியாது. கடல் மூன்று கிலோமீற்றர் அளவு தள்ளிக் கிடக்கிறது. இடையில் கல்லடித் தரையும் வாவியும். கப்பலை வெளியில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, ஆளும் பீரங்கியும் இறங்கித்தான் வரவேண்டும்.

இந்த ஐந்து நாள் குறிப்பு அப்படி இறங்கி வந்தவர்களைப் பற்றியது. கடல் வேலைக்கென்று சம்பளம் பேசி ஏற்றிய ஆட்களை மட்டக்களப்பு எப்படித் தரைச் சண்டைக்கு இழுத்தது, அங்கே அவர்களைக் கொன்றது எது என்று இடம் இடமாகப் பார்க்கிறோம்.

கோட்டையின் கணக்கு சுருக்கமானது. 1628இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கட்டினார். பத்து வருடம் கழித்து, கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் படையோடு தரைவழியாக வந்து நிற்க, ஒல்லாந்து அட்மிரல் அடம் வெஸ்டர்வோல்ட் கடல்வழியாக வந்து சேர, 1638 மே 18இல் கோட்டை விழுந்தது. மே 23இல் இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருந்த கோளாறு ஐந்தாம் நாள் வரை எங்களோடு வரும்.

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பலில் இரண்டு வகை ஆட்கள். மாலுமிக்கு மாதம் ஏழிலிருந்து பதினொரு கில்டர் வரை, சாதாரணச் சிப்பாய்க்கு ஒன்பது. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, வேலையில் உண்டு. சிப்பாய் கப்பலில் பெரும்பாலும் சுமை, பாயில் கை வைக்கத் தெரியாது. மாலுமி கரையில் இறங்கினால் அப்படிச் சும்மா இருக்க விடமாட்டார்கள். வடம் இழுக்க, பீரங்கி நகர்த்த, பலகை அடிக்க, சுட அவன்தான் வேண்டும். ஆகவே எந்தத் தளபதியும் கரையில் இறங்கும்போது மாலுமிகளையும் சேர்த்தே இறக்கினான்.

இந்தப் பழக்கம் பாய்க்கப்பல் காலத்தோடு போய்விடவில்லை. 1914இல் கப்பலில் இடமில்லாமல் மிஞ்சிய கடற்படை ரிசர்வ் ஆட்களைப் பிரித்தானியா தரைப்படைப் பிரிவாக்கி, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்புக்கும், பிறகு துருக்கியின் கல்லிப்போலிக்கும் அனுப்பியது. பட்டாலியன்களுக்கு டிரேக், நெல்சன், ஹூட் என்று அட்மிரல்களின் பெயர் வைத்தார்கள். பதுங்குகுழியில் கிடந்தவர்கள் லீவில் போவதைக் 'கரைக்குப் போகிறேன்' என்றே சொன்னார்கள். கொலிங்வூட் பட்டாலியன் 1915 ஜூன் 4இல் ஒரே நாளில் அழிந்ததுபோலாகிக் கலைக்கப்பட்டது. அன்ட்வேர்ப்பிலிருந்து பின்வாங்கும்போது எல்லை தாண்டிய ஏறத்தாழ 1,500 பேரை நடுநிலை நாடான ஒல்லாந்து தன் மண்ணில் தடுத்து வைத்தது. 276 வருடம் முன்னம் இங்கே மாலுமிகளைத் தரையில் இறக்கிய அதே ஒல்லாந்து!

கோட்டையில் கிடக்கும் பீரங்கிகளை 1638க்குரியவை என்று எடுத்துவிட வேண்டாம். இடம் பல கை மாறியது. ஒல்லாந்தர் பிடித்து, மன்னர் பக்கம் விட்டு, 1660களில் திரும்ப எடுத்து, கடைசியில் 1795இல் பிரித்தானியருக்கு இழந்தார்கள். ஆனால் பீரங்கியின் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று போதும். வாயின் உட்குறுக்களவு 9 சென்ரிமீற்றரை ஒட்டியிருந்தால் அது 6 இறாத்தல் குண்டு எறியும் சாதி. 12 சென்ரிமீற்றருக்குக் கிட்ட என்றால் 12 இறாத்தல். துருப்பிடித்து உதிர்ந்த விளிம்பில் வைக்காமல், கை நுழையும் அளவு உள்ளே வைத்து அளக்க வேண்டும். கடற்பீரங்கிக்கும் தரைப்பீரங்கிக்கும் குழாயில் பெரிய வித்தியாசம் இராது. வித்தியாசம் வண்டியில். அந்த வண்டிதான் நாளைய பிரச்சினை.

இரண்டாம் நாள்: பாலமீன்மடு, முகத்துவாரம்

நேர்கோட்டில் அளந்தால் கோட்டைக்கு வடக்கே ஐந்து கிலோமீற்றர் அளவு. ஆட்டோவில் வெளிச்சவீடு வரைக்கும் போகலாம். 1913இல் எழுப்பியது, 28 மீற்றர் உயரம். வெயில் ஏற முன்னம் போனால் மணல்மேட்டின் நிறவேறுபாடு தெளிவாகத் தெரியும்: வாவிப் பக்கம் கலங்கல், கடற்பக்கம் நீலம், நடுவில் வெளிறிய கோடு. அந்த வெளிறிய கோட்டில்தான் எல்லாம் நின்றது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கு அதன் வாய் இரண்டே இரண்டு: இது ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. வாடைக்காலத்து மழைவெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு வாயைத் திறக்கும். மழை ஓய்ந்து ஆற்றுவரத்து குறைந்ததும் அலை கொண்டுவந்து போடும் மணல் அதே வாயை அடைக்கும். எங்கள் கரையில் வற்றும் பெருக்கும் சேர்ந்து ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே பெருக்கு நேரம் பார்த்துக் கப்பலை உள்ளே விடுகிற வித்தை இங்கே செல்லாது. வயலில் வெள்ளம் நின்றுவிட்டால் இன்றைக்கும் முகத்துவாரம் வெட்டத்தான் வேண்டும். அன்று மண்வெட்டி, இன்று பெக்கோ.

இப்போது கப்பற்காரனின் இடத்திலிருந்து யோசியுங்கள். கிழக்குக் கரையில் திறந்த கடலில் பயமின்றி நங்கூரம் போடக்கூடிய காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து வீசும், கரைக்கடல் குளம்போலக் கிடக்கும். ஒல்லாந்துக் கப்பல்தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் வந்து சேர்ந்தது 1602 மே 31. வெஸ்டர்வோல்ட் வந்தது மே. பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் 1782இல் தங்கியதும் மே. கடல் கதவைத் திறந்து வைக்கும் மாதங்களில்தான் ஆற்றுவாய் தன் கதவைச் சாத்துகிறது. வெள்ளம் வாயைத் திறக்கும் காலத்தில் வந்தாலோ, வாடைக்கடல் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். நாலு மீற்றருக்கு மேல் தண்ணீர் கேட்கும் கப்பலுக்கு மட்டக்களப்பு எந்த மாதமும் வழிவிடாது. கோட்டை கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஆகவே பீரங்கியை இறக்க வேண்டும். 12 இறாத்தல் இரும்புப் பீரங்கி குழாய் மட்டும் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். இறக்குகிற ஒழுங்கு பாய்க்கப்பல் காலம் முழுவதும் பெரிதாக மாறவில்லை.

முதலில் குழாயை வண்டியிலிருந்து பிரிப்பார்கள். வாயை மரக்கட்டையால் அடைத்து, மருந்துத் துளையைக் கொழுப்புத் தோய்த்த துணியால் மூடி ஈயத்தகடு கட்டுவார்கள். உப்புநீர் உள்ளே போனால் மருந்து நனையும். காயவைத்துத் துடைக்க அரை நாள் போய்விடும். அடுத்து இரண்டு வடம்: ஒன்று வாய்க்கழுத்தில், ஒன்று பின்குமிழில். பெரிய பருமலின் கையிலிருந்து கப்பி தொங்கும். இங்கேதான் முதல் விபத்து. பருமல் பாயைத் தாங்கச் செய்த மரம். ஒன்றரைத் தொன் தொங்கினால் முறியும். பாய்மர உச்சியிலிருந்து பருமலின் நுனிக்குத் துணைக்கயிறு கட்டி இறுக்கிய பிறகே தூக்கலாம். அவசரப்பட்ட கப்பலில் பருமலும் போகும், படகும் போகும், கீழே நிற்கிற ஆளும் போவான்.

படகின் அடியில் நீளவாக்கில் இரண்டு கனமான மரம் போட்டு, பாரத்தைப் படகின் விலாமரங்களான பல வங்குகளில் பரப்புவார்கள். நேரடியாக அடிப்பலகையில் வைத்தால் பலகை விலகித் தண்ணீர் பீறிடும். ஒரு படகுக்கு ஒரு குழாய். வண்டி வேறு படகில், குண்டு வேறு படகில். குழாயில் நீண்ட கயிறும் அதன் நுனியில் மிதவைக் கட்டையும் கட்டிவிடுவது புத்தியுள்ளவன் செய்கிற வேலை. படகு கவிழ்ந்தால் பீரங்கி எங்கே கிடக்கிறது என்று மிதவை காட்டும்.

அலை உடைகிற கோட்டுக்கு வெளியே சின்ன நங்கூரம் ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி கரையை நெருங்குவார்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை படகு அலைக்கு நேராக நிற்கும். ஒருவன் பதறிக் கயிற்றைத் தளர்த்தினால் படகு பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை உள்ளே. ஒன்றரைத் தொன் பாரத்தோடு பக்கவாட்டில் திரும்பிய படகை எந்தத் துடுப்பும் மீட்காது. மாலுமிகளில் நீந்தத் தெரியாதவர்கள் அக்காலத்தில் ஏராளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரி ஒரு வெடிகூட வைக்காமலே சாவு விழக்கூடிய இடம் இந்த இருபது முப்பது மீற்றர்.

மணலில் ஏறியதும் வேறு கணக்கு. வெறும் மணலில் குழாயை இழுத்தால் உராய்வு பாரத்தில் பாதிக்கு மேல் போகும், அதாவது எண்ணூறு கிலோ இழுவை. தொடர்ந்து இழுக்கிற மனிதன் நிதானமாகத் தரக்கூடியது இருபத்தைந்து கிலோ. முப்பதுக்கு மேற்பட்ட ஆள் வேண்டும். அவர்களுடைய கால் புதைகிற மணலில் அதுவும் கிடைக்காது. பலகை விரித்து, உருளைக்குத் தென்னங்குற்றி போட்டால் எட்டுப் பத்துப் பேர் போதும். ஆனால் பலகையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட இன்னொரு கூட்டம் ஓடவேண்டும். கப்பல் வண்டிக்கு நாலு சின்ன மரச்சில்லு. தளத்தில் ஓடச் செய்தது. மணலில் அது அச்சுவரை புதையும். தரைவண்டிபோல இரண்டு பெரிய சில்லு இல்லாவிட்டால் வண்டியைத் தூக்கித்தான் போகவேண்டும்.

வாவியில் ஏற்றுவதற்கு இரண்டு தோணியைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்குமரம் கட்டிப் பலகை பரப்பினால் போதும். இந்த முறை புரியாதவர்கள் குருமண்வெளி–மண்டூர்ப் பாதையில், அதாவது வாவியைக் கடக்க ஆளும் வாகனமும் ஏற்றும் மிதவையில், ஒருதரம் ஏறிப் பாருங்கள். வாகனத்தை நடுவில் நிறுத்தச் சொல்லிப் பாதைக்காரர் ஏன் சத்தம் போடுகிறார் என்பதும் பீரங்கியை ஏன் குறுக்குமரத்தின் மேல் நடுவாக வைக்கவேண்டும் என்பதும் ஒரே காரணம்.

கோட்டைச் சுவரை உடைக்க முந்நூறு மீற்றருக்குள், முடிந்தால் இன்னும் கிட்ட வரவேண்டும். இரவில் பின்னல் கூடைகளை வைத்து மணல் நிரப்பி மறைப்பு எழுப்புவார்கள். கல்லைவிட மணல் நல்லது. குண்டு பட்டால் சிதறாது, விழுங்கும். பீரங்கி நிற்கிற பலகைத் தளத்தின் பின்பக்கம் சற்று உயரமாக இருக்கவேண்டும். கப்பலில் சுட்டதும் பின்னோக்கிப் பாயும் பீரங்கியைத் தடித்த வடம் பிடித்து நிறுத்தும். கரையில் வடம் கட்டக் கப்பற்சுவர் இல்லை; மேடு ஏறித்தான் வேகம் குறையவேண்டும், அதே சரிவில் தானாக முன்னுக்கு வரவும் வேண்டும். தளத்தைச் சமமாக அடித்துவிட்டால் முதற் சூட்டிலேயே வண்டி தளத்தை விட்டு மணலில் இறங்கும், பின்னால் நிற்கிறவன் காலை முறித்துக்கொண்டு.

மருந்துக்கும் கணக்கு உண்டு. 12 இறாத்தல் குண்டுக்கு நாலிலிருந்து ஆறு இறாத்தல் மருந்து. குழாய் சூடேறாமல் மணிக்கு எட்டுச் சூடு. நாலு மணிநேரம் சுட்டால் ஒரு பீரங்கிக்கு 32 குண்டு, 128இலிருந்து 192 இறாத்தல் மருந்து. இத்தனையும் அலையைத் தாண்டி நனையாமல் வரவேண்டும். இதையெல்லாம் வாய்ப்பாடுபோலத் தெரிந்தவன் மாலுமி ஒருவனே. கப்பி, வடம், பலகை, மருந்து எல்லாம் அவனுடைய அன்றாடம். சாவும் அதற்கேற்ப அவன் பக்கம் கூடியது.

மூன்றாம் நாள்: கல்லடி

கல்லடிப் பாலத்துக்கு இரவில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள் அதிகம். பகலில் பாலத்தைத் தாண்டி நேரே கடற்கரைக்கு நடந்து போங்கள். வழியெல்லாம் மணல்தரை, கிணறு ஆழமில்லை. இன்றைய விஷயம் அந்தத் தண்ணீர்தான்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் நல்ல தண்ணீர் நிலத்துக்குள் ஓடுகிற ஆறு இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நன்னீர் என்பது பொதுவான விகிதம். மறுபக்கமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி குறைய இறைத்தால் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். ஊர்ச்சனம் பூவல் என்கிற மணற்கிணற்றை அகலமாக, ஆழமின்றித் தோண்டி, விடியவில் அள்ளிவிட்டு ஊறவிடுவது அனுபவத்தில் வந்த அறிவு.

முந்நூறு பேர் கரையில் இறங்கினால் ஆளுக்கு ஐந்து லீற்றர் வைத்தாலும் நாளுக்கு 1,500 லீற்றர். வந்தவன் செய்கிற முதல் பிழை, தண்ணீர் காணாது என்று ஆழமாகத் தோண்டுவது. இரண்டு நாளில் கைக்கும். இரண்டாவது பிழை, அதே மணலில் பக்கத்திலேயே கழிப்பிடம். மணல் வடிகட்டும்தான், ஆனால் பத்தடி தூரத்துக்கு நூறு பேரின் அழுக்கை வடிகட்டாது. வயிற்றுளைவு தொடங்கினால் படையில் பாதி படுக்கும். அக்காலத்து முற்றுகைகளில் குண்டைவிட வயிற்றோட்டமும் காய்ச்சலும் கூடுதலாகக் கொன்றன என்பது உலகெங்கும் ஒன்றுதான்; இந்த மணல்தரையில் ஏன் என்பதற்கு இதுதான் காரணம்.

1782 சஃப்ரனின் கதை மறுவகை. ஏப்ரல் 12இல் திருகோணமலைக்குத் தெற்கே ஆங்கிலேயரோடு ப்ரொவிடியன் கடற்சண்டை. அதற்குப் பிறகு ஒல்லாந்தர் கையில் இருந்த மட்டக்களப்புக்கு வந்து, ஜூன் தொடக்கம் வரை நங்கூரம் போட்டு நின்று, நோயாளிகளைக் கரையிறக்கினார். ஒரு மாதத்துக்கு மேல் ஏன்? ஸ்கர்வி. உடம்பில் விற்றமின் சி தீர்ந்தால் தசையைப் பிணைக்கும் பொருளே உருவாகாது. பல் முரசு வீங்கும், பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். சண்டையில் காயப்பட்டவனுக்கு ஸ்கர்வியும் இருந்தால் வைத்தியன் என்ன கட்டுப்போட்டாலும் புண் ஆறாது. பழமும் பச்சையும் கிடைத்தால் சில நாளில் முரசு இறங்கும், ஆனால் வடம் இழுக்கும் பலம் வரக் கிழமைக்கணக்கு. தேசிக்காய் காய்க்கும் ஊருக்கு வந்தது சரியான முடிவு. அந்த ஆகஸ்டிலும் மட்டக்களப்பில் நின்றுவிட்டே திருகோணமலைக்குப் போய்த் துருப்பை இறக்கி, மாத முடிவில் கோட்டைகளை எடுத்தார். அதே கோட்டைகளை அந்த ஜனவரியில் ஆங்கிலேயர் எடுத்தபோது ஒஸ்டன்பேர்க் மேட்டில் ஏறியதும் கப்பல் மாலுமிகளும் மரீன்களும்தான்.

கடற்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று முன்னால் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய ஹெர்மிஸ் விமானந்தாங்கி, ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில். அன்று அதில் தாக்குவதற்கு ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள். சாதாரணச் சுழியோடிகளின் எல்லை நாற்பது மீற்றர் என்பதால், கலப்பு வாயுவிலும், மேலே ஏறும்போது இடையிடையே நின்று ஏறுவதிலும் பயிற்சி இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்; அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றின் நைதரசன் போதையாக ஏறி, மணிக்கூட்டைப் பார்த்தும் நேரம் புரியாது. கடல் தெளிவது இங்கேயும் சித்திரைக்குப் பிறகுதான். அவர்கள் கடலில் செத்த கடற்படையினர். பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுத்தூண்களில் வெட்டியிருக்கின்றன.

கரையில் செத்த ஒல்லாந்து மாலுமிக்கு அப்படி எதுவும் இல்லை. இருப்பது கும்பனிச் சம்பளப் பேரேடு. ஆளுக்கு ஒரு விரிந்த பக்கம்: மேலே பெயர், ஊர், பதவி, மாதச் சம்பளம்; ஒருபக்கம் முற்பணம், ஆள்பிடிகாரனுக்கு எழுதிக் கொடுத்த கடன்சீட்டு; மறுபக்கம் உழைத்தது; அடியில் ஆள் என்னவானான் என்று ஒரு வரி. ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் எஞ்சியவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக்குரியவை. 1638க்காரருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஒல்லாந்துக் கப்பல்தலைவர் செபால்ட் டி வேர்ட்டின் சாவையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும், ஏனென்றால் அது முற்றுகையிலும் நோயிலும் சேராது. மகெல்லன் நீரிணையின் குளிரிலும் பட்டினியிலும் தப்பி, 1600இல் போக்லாந்துப் பக்கத்துச் சிறுதீவுகளைக் குறித்துவைத்த மாலுமி அவர். 1602 இறுதியில் மட்டக்களப்புக்கு வந்து, கண்டிக்குப் போய், போர்த்துக்கேயர் கையிலிருந்த காலிக் கோட்டையைச் சேர்ந்து அடிப்பதென்று மன்னர் விமலதர்மசூரியனோடு பேசிவிட்டு, சுமாத்திராவின் அச்சே போய் 1603இல் கப்பல்களோடு திரும்பினார். வழியில் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களின் ஆட்களை விட்டுவிட்டார். மன்னருக்கு அது துரோகமாகப் பட்டது. ஜூன் 1இல் இங்கே கரையில் நடந்த சந்திப்பில் குடிபோதையும் மரியாதையற்ற பேச்சும் சேர, டி வேர்ட்டும் அவருடைய ஆட்களில் ஏறத்தாழ ஐம்பது பேரும் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய கப்பல்களுக்கு மன்னர் அனுப்பிய சீட்டு மிகச் சிறியது: குடிக்கிறவன் ஆகான், கடவுள் நீதி செய்தார், சமாதானம் என்றால் சமாதானம், யுத்தம் என்றால் யுத்தம். கப்பலில் அட்மிரலின் பேச்சே சட்டம். அந்தப் பழக்கத்தைக் கரையில் ஒரு மன்னர் முன்னால் கொண்டுபோனதுதான் பிழை என்பது எங்கள் வாசிப்பு.

நான்காம் நாள்: கல்லாறு, கல்முனை, ஒலுவில்

ஏ4 வீதியால் தெற்கே. பஸ்ஸில் இடப்பக்க யன்னலைப் பிடித்தால் கடல், வலப்பக்கம் வாவி. பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு பாலங்களில் வாவியின் தெற்கு வாய். வடக்கே பார்த்த அதே மணல்வேலை.

நம்பாதவர்களுக்கு ஒலுவில் இருக்கிறது. 2013இல் திறந்த துறைமுகம். அலைதடுப்புக் கல்லணைகள் கரையோரம் வடக்கு நோக்கி நகரும் மணலை மறிக்க, ஒருபக்கம் வாயில் மணல் நிறைகிறது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிந்து தென்னை விழுகிறது. இயந்திரமும் கொங்கிறீற்றும் இருக்கிற காலத்திலேயே இந்தக் கரை கப்பலுக்கு இப்படி முகம் கொடுக்கிறது. கல்முனையில் சாப்பிட்டுவிட்டு, காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை வயல்களைக் கடந்து அம்பாறையில் இரவு.

ஐந்தாம் நாள்: இங்கினியாகலை, நில்கல

அம்பாறையிலிருந்து இங்கினியாகலைக்கு இருபது கிலோமீற்றர் அளவு. கல்லோயா என்று இப்போது சொல்லும் பட்டிப்பளை ஆற்றை மறித்த அணை, அதற்குப் பின்னால் சேனநாயக்க சமுத்திரம். நில்கல அந்த நீரின் மேற்கே, பிபிலைப் பக்கத்திலிருந்து போகிற புல்லும் மரமும் கலந்த வெளி. கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் ஒரே காட்டில் நிற்பதைப் பார்க்க வேறு இடம் தேடத் தேவையில்லை. கண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு இறங்கிய பழைய வழி இதனூடாகப் போனது.

ஒல்லாந்துத் தளபதி வில்லெம் யாக்கோப்ஸ் கொஸ்டர் இங்கே செத்தார். வெஸ்டர்வோல்டுக்கு முன்னதாகவே கப்பல்களோடு வந்து மட்டக்களப்பு முற்றுகையில் நின்றவர். 1640 மார்ச் 13இல் மாலுமிகளும் சிப்பாய்களுமாக இறக்கிக் காலியைப் பிடித்தவரும் அவரே. அதற்குப் பிறகு கண்டிக்குப் போனது, பிடித்த கோட்டைகள் யாருக்கு, செலவை யார் தருவது என்று பேசத்தான்.

முதலாம் நாள் சொன்ன கோளாறு இதுதான். 1638 ஒப்பந்தத்தில், பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல்படை வைக்கலாம் என்ற பிரிவு உண்டு. மன்னர் வைத்திருந்த பிரதியில் 'மன்னர் விரும்பினால்' என்ற சொற்கள் இருந்தன. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. யுத்தச் செலவைக் கறுவா, மிளகு, மெழுகு போன்ற சரக்காக மன்னர் தரவேண்டும் என்றும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு மாலுமியின் ஒன்பது பத்துக் கில்டரும் மன்னர் பெயரில் கடனாக ஏறியது. மன்னரோ தன் கோட்டையைத் தராதவனுக்கு ஏன் கறுவா என்று கேட்டார். இரண்டு பக்கமும் தங்கள் தாளைக் காட்டி நியாயம் சொல்லலாம். சொல் இரண்டுதான். ஆனால் கும்பனியின் எழுத்தனுக்கு அந்தச் சொற்கள் தற்செயலாக விடுபட்டிருக்கும் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கண்டியில் பேச்சு சரிவரவில்லை. கொஸ்டர் கோபத்தில் அரசவையாரிடம் கடுமையாகப் பேசிவிட்டு, கப்பல் பிடிக்க மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். 1640 ஆகஸ்டில், வழித்துணைக்கென்று அனுப்பப்பட்ட ஆட்களே நில்கலப் பக்கத்தில் வைத்து அவரையும் கூடவந்தவர்களில் சிலரையும் கொன்றார்கள். அங்கிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் எழுபது கிலோமீற்றர். கச்சான் அடங்காத மாதம், கரைக்கடல் அமைதி, ஏறிப்போக நல்ல காலம்.

இடத்தைக் காட்ட எந்தக் கல்லும் இல்லை. பிபிலைப் பாதையால் போகிறவர்கள் காலையிலேயே போய் வெயில் சாய முன்னம் வெளியேறிவிடுங்கள். மாலையில் யானை தண்ணீருக்கு இறங்குவது அதே வழியால்.